சாயக்குழியில் கிடைத்த நூல்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். உங்களை நம்பவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. ஆனால் இது நடந்தது. நடுராத்திரியில் இல்லை, சுடுகாட்டில் இல்லை. பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க நடந்தது. பேய் என்றால் வெள்ளைப் புடவை, மல்லிகைப்பூ வாசம் என்று காத்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இதில் வாசம் கிடையாது. நாற்றம்தான்.

என் பெயர் இளவரசி. பெரிய காஞ்சிபுரத்தில் தறிக்காரர் வீட்டுப் பெண். விஷம் ஊறிய மண்ணைத் தோண்டி அப்புறப்படுத்தும் சென்னைக் கம்பெனி ஒன்றில் சைட் சூப்பர்வைசர். எச்சில் தம்ளரைத் தொட்டால்கூட மூன்று முறை கை கழுவுகிறவள் நான். எனக்கு இந்த வேலை எப்படி வாய்த்தது என்று கேட்காதீர்கள். வாய்த்தது, அவ்வளவுதான்.

போன ஆடி மாதம் ஐயம்பேட்டை பக்கம் ஒரு பழைய சாயப்பட்டறையைச் சுத்தம் செய்யும் வேலை வந்தது. பட்டு நூலுக்குச் சாயம் போட்ட இடம். பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. யாரோ வாங்கி அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். வாசலில் பெரிய போர்டு. நீச்சல் குளம், ஊஞ்சல், சிரிக்கும் குழந்தைகள். போர்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் குடல் வெளியே வந்துவிடும்.

கச்சாப் பட்டில் ஒரு பசை இருக்கும். சோடாவும் சோப்பும் போட்டுக் கொதிக்கவைத்து அந்தப் பசையை எடுத்தால்தான் நூல் மின்னும். அப்படி வேகவைத்த தண்ணீர், மிச்சச் சாயம், ஆசிட், எல்லாவற்றையும் பின்னால் ஒரு குழியில் விட்டிருந்தார்கள். ஓர் ஆள் ஆழத்துக்கு மேல் சேறு. மேலே ஊதாவும் பச்சையுமாக ஓர் ஏடு. குச்சியால் குத்தினால் 'குபுக்' என்று ஒரு குமிழி வெடிக்கும். அழுகிய முட்டை, மட்கிய தோல், பழைய சோப்பு... மூன்றும் சேர்ந்து மூக்கில் ஏறும். மாஸ்க் போட்டாலும் நாக்கில் ருசி தெரியும். சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தாலும் அடுத்த நாள் காலையில் நான் துப்பும் எச்சிலில் அந்த நாற்றம் இருக்கும். 

பொக்லைன் ஓட்டியவர் மாணிக்கவேல். காவலுக்கு வீரபத்திரன் என்ற பெரியவர். பட்டறை ஓடிய காலத்தில் அங்கேயே வேலை பார்த்தவர். கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டால் உள்ளே வரமாட்டார். நாற்றத்துக்குப் பயந்து என்று நினைத்தேன்.

முதல் நாளே ஒரு சத்தம் கேட்டது. பகல் பன்னிரண்டே முக்கால். பொக்லைனை நிறுத்திவிட்டு மாணிக்கவேல் கை கழுவப் போயிருந்தார். பட்டறைக் கொட்டகை காலி. உள்ளேயிருந்து...

சளப்... பட். பட்.

சளப்... பட். பட்.

எனக்குப் புதிய சத்தம் இல்லை. சாயம் போட்ட நூல் கழியை, அதாவது நூல் சுருளை, கம்பில் மாட்டி, ஈரம் போக உதறினால் இப்படித்தான் கேட்கும். சின்ன வயதில் அப்பாவோடு சாயக்காரர் வீட்டுக்குப் போனபோது கேட்டிருக்கிறேன். போய்ப் பார்த்தேன். கொட்டகையில் ஒன்றும் இல்லை. துருப்பிடித்த கம்புகள், எலிப் புழுக்கை. ஒரு கம்பில் மட்டும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கூரைத் தகரம் ஒழுகுகிறது என்று சொல்லிக்கொண்டேன். மழை பெய்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

இனி என் வீட்டுக் கதைக்கு வர வேண்டும், ஏனென்றால் விஷயமே அங்கேதான்.

என் தங்கை மஹாலட்சுமிக்கு ஆவணியில் கல்யாணம். அம்மா இல்லாத வீடு. மாப்பிள்ளை வீட்டார் திருப்புட்குழி. முகூர்த்தப் பட்டு அவர்கள் எடுப்பதுதான் முறை. ஆனால் அப்பா சும்மா இருப்பாரா? "எம் பொண்ணுக்கு நானே நெய்ஞ்சு தரேன்" என்று சம்பந்தி முன்னால் மார் தட்டிவிட்டு வந்துவிட்டார். எலுமிச்சை மஞ்சள் உடல், அரக்குக் கரை, அரக்கு முந்தி. உடலும் கரையும் முடிந்து முந்தியில் பாதி வந்தபோது, மிச்சம் வைத்திருந்த அரக்கு நூலை எலி கடித்துக் குதறி, அதன்மேல் மூத்திரமும் பெய்து வைத்துவிட்டது. அந்தச் சாயம் போட்டவர் அதற்கு முந்தின மாதம்தான் படுத்த படுக்கை ஆகியிருந்தார். வேறு மூன்று பேரிடம் போட்டுப் பார்த்தோம். ஒன்று சிவப்பு அடித்தது, ஒன்று காவி அடித்தது. முந்தி பாதியில் நிறம் மாறினால் ஊரே சிரிக்கும். கல்யாணத்துக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. அப்பா சாப்பாட்டில் கை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். மஹா என்னிடம் ரகசியமாக அழுதாள்.

அந்த நேரத்தில்தான் அது கிடைத்தது.

மாணிக்கவேல் குழியின் நடுவில் வாளியை இறக்கித் தூக்கினார். வாளிப் பல்லில் ஏதோ தொங்கியது. முதலில் செத்த நாய் என்று நினைத்தேன். பைப்பால் தண்ணீர் அடித்தார். சேறு வழிந்து இறங்கியது.

நூல் கழி. அரக்கு நிறம். வெயிலில் பளபள என்று மின்னியது.

அத்தனை வருஷம் ஆசிட் சேற்றில் கிடந்தது. ஓர் இழைகூட இற்றுப்போகவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆபத்துக் கழிவுப் பீப்பாயில் போடச் சொன்னேன். போட்டிருந்தால் இந்தக் கதை இல்லை.

என் கெட்ட நேரம், அப்பா சாப்பாட்டு கேரியரோடு டிவிஎஸ்ஸில் வந்து இறங்கினார். வண்டியை ஸ்டாண்டு போடக்கூட இல்லை. நேராக அதனிடம் போனார்.

"இன்னாம்மா இது? பட்டு நூலாட்டம் இருக்குது?"

"தொடாதீங்கப்பா! எல்லாம் விஷம்!"

காதில் போட்டுக்கொள்ளவில்லை. கையில் ஏந்தினார். விரலுக்கு நடுவில் விட்டு உருவினார். சட்டைப் பையிலிருந்து, அந்தப் புடவையின் துண்டு இழை ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பதினைந்து நாளாக அதைச் சாமி பிரசாதம் போலச் சுமந்துகொண்டு திரிந்தார். இரண்டும் ஒரே நிறம். பிரித்துச் சொல்ல முடியாது.

"நைலான் கலப்பா இருக்கப் போவுதுங்க" என்றார் மாணிக்கவேல்.

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் பட்டா போலியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஓர் இழையைக் கொளுத்த வேண்டும். போலி என்றால் உருகிக் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். பட்டு என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும். சாம்பலை நசுக்கினால் தூளாகும்.

மாணிக்கவேலிடம் தீப்பெட்டி வாங்கினார். ஓர் இழையைப் பிடித்து இழுத்தார். அது சுலபத்தில் அறவில்லை. பல்லில் கடித்தார். அந்தச் சேற்று நூலை... பல்லில்! நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கொளுத்தினார். சுர்ர் என்று சுருண்டது. குப்பென்று நாற்றம்.

"முடி கருகுற நாத்தம் வந்துச்சா?" சாம்பலை இரண்டு விரலில் தேய்த்தார். "தூளாச்சா? அசல் பட்டு! சொக்கத் தங்கம்!"

"சாக்கடையில கெடந்தத கல்யாணப் பொண்ணு மேல போடுவீங்களா? உங்களுக்கு அருவருப்பே இல்லயாப்பா?"

"பட்டுக்கு ஏதும்மா தீட்டு? அலசுனா போச்சு."

கத்தினேன், கம்பெனிச் சட்டம் பேசினேன். அவர் கேரியரின் ஓர் அடுக்கைக் காலி செய்து, சோறு இருந்த இடத்தில் அதைச் சுருட்டி வைத்துக்கொண்டு போய்விட்டார். வண்டி மறைந்ததும் கொட்டகைப் பக்கம் சத்தம்.

சளப்... பட். பட்.

இந்த முறை மாணிக்கவேலும் திரும்பிப் பார்த்தார்.

"யாரு மேடம் உள்ள?"

"யாரும் இல்ல. வேலையப் பாருங்க."

வீட்டில் அன்று சாயங்காலமே அலசினார். ஏழு தண்ணீர். முதல் தண்ணீரிலிருந்தே தெளிவாக வந்தது. ஒரு சொட்டுச் சாயம் இறங்கவில்லை. நாற்றமும் போகவில்லை. சந்தனாதித் தைலம், சாம்பிராணி, என்னென்னவோ செய்தார். மேலே சாம்பிராணி, அடியில் அது.

மறுநாள் ராட்டையில் மாட்டித் தார்க்குச்சியில் சுற்ற உட்கார்ந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"தலைப்பே கெடைக்கலம்மா. எங்க ஆரம்பம், எங்க முடிவுன்னே தெரில."

கடைசியில் கத்தரியால் ஓர் இழையை வெட்டிச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றினார்... சுற்றினார்... தார் நிறைந்தது. அடுத்த தார். அதற்கடுத்த தார். கழி இளைக்கவே இல்லை. ஒரு முறைகூட இழை அறவில்லை. அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "தெய்வம் குடுத்த நூலு" என்றார். நான் அந்த அறைக்குள் போவதையே விட்டுவிட்டேன்.

ஆனால் ஒரு நாள் போக வேண்டி வந்தது.

குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாவில், சுற்றிய தாரைப் போட்டதும், நூல் நுனி நாடாவின் ஓட்டை வழியாக வெளியே வர வேண்டும். தறிக்காரர்கள் அதை வாயால் உறிஞ்சி இழுப்பார்கள். அப்பாவும் அப்படித்தான். காலை ஆறு மணிக்குத் தறி அறையில் அவர் இருமும் சத்தம் கேட்டது. சாதாரண இருமல் இல்லை. பூனை எதையோ கக்குவது போல.

ஓடினேன்.

தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டபடி குனிந்து உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது. கண்ணில் நீர். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு எதையோ இழுத்துக்கொண்டிருந்தார்.

அரக்கு இழை.

வந்தது... இன்னும் வந்தது... மடியில் எச்சிலும் நூலுமாகச் சுருண்டு விழுந்தது. அவர் இழுக்க இழுக்க, தொண்டைக்குள்ளிருந்து...

வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லம்மா. நூலு உள்ள போயி ஒட்டிக்கினு இருந்துச்சு."

"எவ்ளோ நூலுப்பா? எவ்ளோ!"

அவர் மிதிகட்டையை மிதித்தார். தறி ஓடியது. நாடா அந்தப் பக்கம், இந்தப் பக்கம். தறிச் சத்தத்துக்கு அடியில், கொல்லைப் பக்கத்திலிருந்து...

சளப்... பட். பட்.

இரண்டு நாளில் புடவை முடிந்தது. பழைய நூல் எங்கே நிற்கிறது, புது நூல் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பா என்னை ஜெயித்துவிட்ட முகத்தோடு பார்த்தார். அவர் கண்ணில் இருந்த சந்தோஷத்துக்காக வாயை மூடிக்கொண்டேன். மஹாவும் அதைக் கன்னத்தில் வைத்துச் சிரித்தாள். குழியில் கிடைத்த நூல் என்று அவளிடம் சொல்லக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு.

முகூர்த்தம் காலை ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள். மணமேடையில் அவளுக்குப் பின்னால் நான் நின்றேன். அந்த முந்தி அவள் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. நுனியில் ஈரம். வேர்வை என்று நினைத்தேன். தொட்டேன். வேர்வை இல்லை. பிசுபிசு என்று... சோப்புத் தண்ணீர் போல. விரலை மூக்கருகே கொண்டுபோனேன்.

குழி.

அதே குழி நாற்றம்.

ஐயர் நெய் விட்டார். ஓமத்தீ படபடத்தது. ஒரு பொறி பறந்து வந்து முந்தியில் விழுந்தது. சின்னதாக ஓர் ஓட்டை. முடி கருகும் நாற்றம் மேடை முழுக்கப் பரவியது. "அசல் பட்டுன்னு அக்கினியே சாட்சி சொல்லுதுபா!" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை.

பொறி விழுந்தது முந்தியில். அவள் இடுப்புக்கும் கீழே.

மஹா "ஆ..." என்று கத்திப் பிடித்துக்கொண்டது...

தலையை.

"யாரோ முடியப் புடிச்சி இழுத்தாங்கக்கா" என்றாள். அவளுக்குப் பின்னால் நான் மட்டும்தான் இருந்தேன்.

கல்யாணம் முடிந்தது. அவள் திருப்புட்குழிக்குப் போனாள். நான் சைட்டுக்குப் போனேன். குழி ஏறக்குறைய காலி. அடிச்சேற்றை வழிக்கும்போது வாளி 'டங்' என்று இடித்தது. பெரிய இரும்புப் பாத்திரம் ஒன்று, ஓட்டை ஓட்டையாக. ஈர நூலை உள்ளே போட்டுச் சுழற்றிப் பிழிகிற மிஷின்.

சத்தம் கேட்டு வீரபத்திரன் முதல்முறையாக உள்ளே வந்தார். பார்த்தார். நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இத வித்துட்டேன்னு சொன்னாரேமா மொதலாளி..."

"என்ன பெரியவரே?"

அவர் சொன்னார். ஜெயம்மாள் என்று ஒருத்தி. நூல் அலசி உதறும் வேலை. ஒரு நாள் தலைக்குக் குளித்துவிட்டு, கொண்டை போடாமல் ஈரமுடியோடு வேலைக்கு வந்திருக்கிறாள். ஓடுகிற மிஷினுக்குள் குனிந்தபோது முடி மாட்டிக்கொண்டது. நிறுத்துவதற்குள்...

"ஒடம்பக் குடுத்தாங்க. தலைக்குத் துணி சுத்தித்தான் குடுத்தாங்க." அவர் மிஷினைக் காட்டினார். "தோலோட போயிருச்சு. முடி மட்டும் கெடைக்கல. அவ பொண்ணு கேட்டு அழுதுச்சு, எங்கம்மா முடியாவது குடுங்கன்னு. மிஷின்லயே போயிடுச்சுன்னுட்டாங்க."

நான் மிஷினுக்குள் எட்டிப் பார்த்தேன். சேறு. வேறெதுவும் இல்லை.

"அவங்க முடி... என்ன நிறம்?"

"முழுக்க நரைமா. பசை எடுத்த பட்டாட்டம் வெள்ளையா, முழங்கால் வரைக்கும் தொங்கும். நெழல்ல நின்னு உதறுவா. நூல உதறுறாளா, முடிய உதறுறாளான்னு கிண்டல் பண்ணுவோம்."

வெள்ளையில் எந்தச் சாயமும் ஏறும். எப்படித் திருப்புட்குழி பஸ் ஏறினேன் என்று தெரியாது.

மஹா கதவைத் திறந்தாள். நெற்றியில் பொட்டு, வகிட்டில் குங்குமம். புதுப்பெண்ணாக நன்றாகத்தான் இருந்தாள்.

"புடவை எங்க?"

"பீரோலக்கா. இன்னா இப்டி வேர்த்துக்கினு வந்திருக்கற?"

எடுத்தேன். விரித்தேன்.

மஞ்சள் உடல் இருந்தது. கரை இருந்தது. முந்தியில் அப்பா எலிக்கு முன்னால் நெய்த பாதி இருந்தது.

மிச்சப் பாதியில் நெடுக ஓடும் பாவு இழை மட்டும். கிழிசல் இல்லை. வெட்டு இல்லை. குறுக்கே ஓடிய அரக்கு நூல் ஒன்றுகூட இல்லை.

உருவி எடுத்தது போல.

"மஹா... இத நீ எதாவது..."

"நான் தொடவே இல்லக்கா." குனிந்து பார்த்தாள். என் கண்ணுக்கு நேரே அவள் வகிடு.

குங்குமம் உச்சியிலிருந்து பின்னந்தலை வரைக்கும் இருந்தது. இவ்வளவா வைப்பார்கள்?

என் கட்டைவிரலால் துடைத்தேன்.

விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

மறுபடி துடைத்தேன். அழுத்தி.

போகவில்லை... அது குங்குமம் இல்லை. முளைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கறுப்பு முடிக்கும் அடியில், வேரில், விரற்கடை அளவுக்கு...

அரக்கு.

ஒரே ஓர் இழை என் விரலோடு வந்தது. அடியில் வெள்ளை வேர். ஈரம். எனக்கு அந்த நிலைமையிலும் கை கழுவ வேண்டும் போலிருந்தது.

அவர்கள் வீட்டு அடுப்பு மேடையில் தீப்பெட்டி இருந்தது. கை அதன் பக்கம் போனது. உடனே ஓமப்பொறி நினைவுக்கு வந்தது. அவள் தலையைப் பிடித்துக்கொண்டு கத்தியது நினைவுக்கு வந்தது. தீப்பெட்டியை அங்கேயே வைத்துவிட்டேன்.

எரித்துப் பார்த்து மட்டும் என்ன தெரிந்துவிடும்? பட்டானாலும் முடியானாலும் நாற்றம் ஒன்றுதான்.